முதலாம் பாடவேளை

(நெடுந்தீவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்து மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. இப்போது நேரம் பத்தே முக்கால். குறிகட்டுவானில் இருந்து வந்த படகு சுணங்கிவிட்டது. அதிலேதான் கூட்டத் தலைவரும் வந்தார், ஒலிபெருக்கிக்காரரும் வந்தார், நானும் வந்தேன். பின்னேரப் படகுக்கு முதல் முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாட்டாளர் காதுக்குள் சொல்லியிருக்கிறார். ஆக, இந்தக் கூட்டம் எப்போது தொடங்குவது, எப்போது முடிவது என்று தீர்மானித்தவர் இந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. நான் பேச வந்த விஷயமும் ஏறக்குறைய இதுதான்.

இந்த அறக்கட்டளையை வைத்தவர் இந்த ஊரில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். அவர் விதித்தவை இரண்டு நிபந்தனைகள். சொற்பொழிவு யாழ்ப்பாணத்து மண்டபங்களில் நடக்கக்கூடாது, ஊரிலேயே நடக்கவேண்டும். தன் பேரை மேடையில் சொல்லக்கூடாது. இரண்டாவது நிபந்தனைக்கு நான் கட்டுப்படுகிறேன். முதலாவதுக்காகத்தான் நீங்கள் எல்லோரும் இவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'சிறிய பள்ளிக்கூடத்தின் செய்திகளும் கொள்கைகளும்'. ஒரு பள்ளிக்கூடத்தின் செய்தியும் கொள்கையும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், நான் அதிபரின் அலுமாரியைத் திறக்கச் சொல்வேன். கொள்கை, சுற்றுநிருபக் கோவையில் இருக்கும். கொழும்பில் எழுதி, மாகாணத்தில் கையெழுத்தாகி, வலயத்தில் முத்திரை குத்தி, கடைசியில் படகேறி வந்த தாள்கள் அவை. செய்தி, லொக் புத்தகத்தில் இருக்கும். மழை பெய்தது, கூரை ஒழுகியது, பரிசோதகர் வந்தார், சத்துணவுக்கு அரிசி வரவில்லை என்று அதிபர் தன் கையால் எழுதுவது அது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்த ஆசிரியர்கள் குறைவு. நான் ஒரு காலத்தில் வேறு வேலை இல்லாத குறையால் வாசித்தேன். ஒன்றிலுள்ள எதுவும் மற்றதில் இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. சுற்றுநிருபத்தில் கடல் இல்லை. லொக் புத்தகத்தில் கடல்தான் இருந்தது.

நெடுந்தீவு என்றால் ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலம், நாலாயிரம் பேரை ஒட்டிய சனத்தொகை, ஆறு கிராம சேவகர் பிரிவுகள். இதற்குள் மகா வித்தியாலயம், றோமன் கத்தோலிக்க மகளிர் கல்லூரி, சைவப்பிரகாச வித்தியாலயம் என்று பெரிதும் சிறிதுமாகப் பள்ளிக்கூடங்கள். கல்வித் திணைக்களத்தின் பேச்சில் இது அதிகஷ்டப் பிரதேசம். கஷ்டம் யாருக்கு என்று அந்தச் சொல்லில் இல்லை. நியமனம் பெற்று வருகிற ஆசிரியருக்குக் கஷ்டம் என்றுதான் நானும் நெடுங்காலம் விளங்கி வைத்திருந்தேன். பிறந்து வளர்கிற பிள்ளைக்கு இது பிரதேசமே இல்லை, ஊர்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடங்கள் காலை ஏழரைக்குத் தொடங்குகின்றன, நாளுக்கு எட்டுப் பாடவேளை, கிழமைக்கு 40 என்று கணக்கெடுப்போம். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற ஆசிரியர் திங்கட்கிழமை விடிய வெளிக்கிட்டு, பஸ் பிடித்து, புங்குடுதீவின் அந்தலையில் உள்ள குறிகட்டுவானில் இறங்கி, ஒரு மணித்தியாலம் கடலில் வந்து மாவிலித்துறையில் கால் வைக்கும்போது முதல் மூன்று பாடவேளை போய்விட்டது என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை திரும்பிப் போகும் படகுக்காகக் கடைசி மூன்று பாடவேளையும் போகிறது. கிழமைக்கு ஆறு. வருடத்தில் 40 கிழமை பள்ளிக்கூடம் நடந்தால் 240 பாடவேளை. அதை எட்டால் பிரித்தால் 30 நாள். நல்ல கடல், நேரத்துக்குப் படகு, ஒருவருக்கும் காய்ச்சல் தலையிடி இல்லை என்று எடுத்துக்கொண்டாலே ஒரு பிள்ளைக்கு வருடத்தில் ஆறு கிழமைப் படிப்பு இல்லை. இதில் சோளகக் காத்து வீசும் மாதங்களை நான் சேர்க்கவே இல்லை.

ஆசிரியர்மாரைக் குறை சொல்லவில்லை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, குளிக்க நல்ல தண்ணிக்கு அலைந்து, சனிக்கிழமை ஒரு நாளாவது வீட்டில் நிற்க நினைப்பது குற்றமா? படகுக்காரர்மீதும் குற்றம் இல்லை. நான் குறை சொல்வது நேரசூசியை. அந்தத் திங்கள் முதலாம் பாடவேளையில் வருடம் முழுவதும் 'கணிதம்' என்று எழுதி ஒட்டி வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். பேர் வேண்டாம், அது இந்தத் தீவில் இல்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கணித ஆசிரியர் வேறு ஊரில் இருந்து படகில் வருபவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரிலேயே இருக்கும் சங்கீத ரீச்சருக்கு அந்த நேரம் ஓய்வு. மாற்றினால் என்ன என்று கேட்டேன். கணிதம் காலையில் நடக்கவேண்டும், அப்போதுதான் மூளை தெளிவாக இருக்கும் என்ற பதில் வந்தது. தெளிந்த மூளையோடு பிள்ளைகள் வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சொல் எடுபடவில்லை. மூன்று வருடம் கழித்து நான் மாற்றலாகிப் போனபோதும் திங்கள் முதலாம் பாடவேளை கணிதம்தான்.

படகு வராத நாட்களைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் முழுதாக நினைவிருக்கும் நாள் அப்படிப்பட்ட ஒன்றுதான். 1975, அல்லது அதற்கு அடுத்த வருடம். நான் ஏழாம் வகுப்பு. கடல் மூன்று நாளாகக் கொந்தளிப்பு. ஊரோடு இருந்த வாத்தியார் ஒருவர்தான் பள்ளிக்கூடத்தில். ஆறாம் வகுப்பில் இருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அங்கே, உங்களுக்குத் தெரியும், முருகைக்கல் மதில். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியது. 'இதிலே எத்தனை கல்லு இருக்கு?' என்று கேட்டார்.

பெரிய பெடியன்கள் பனைமட்டையில் அடி குறித்து அளவுகோல் செய்தார்கள். அடியில் மூன்று அடி அகலம், உச்சியில் ஒன்றரை அடி, உயரம் நாலு அடி. முகப்பு சரிவகம். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சொல் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவர்கள் நிலத்தில் கீறிக் காட்டினார்கள்: மூன்றையும் ஒன்றரையையும் கூட்டு, பாதியாக்கு, நாலால் பெருக்கு. ஒன்பது சதுர அடி வந்தது. மதிலின் நீளம் 120 அடி. கன அளவு 1,080 கன அடி என்று கண்டுபிடித்துச் சத்தம் போட்டோம். 'அப்ப கல்லெல்லாம் ஒட்டிக்கொண்டோ இருக்கு? நடுவிலை ஓட்டை இல்லையோ?' என்றார் வாத்தியார். அதற்கும் வழி அவரே சொன்னார். ஒரு கிடாரத்தில் கல்லை நிரப்பி, அது நிறையும்வரை வாளியால் தண்ணி வார்த்து, எத்தனை வாளி போனது என்று பார்த்தோம். போன தண்ணிதான் ஓட்டை. மாடு இடித்து விழுந்திருந்த ஆறு அடித் துண்டில் கல்லை எண்ணினோம். நானூற்றுச் சொச்சம். ஆறு அடிக்கு நானூறென்றால் 120 அடிக்கு எட்டாயிரம். அந்தத் துண்டைத் திரும்ப அடுக்கிவிட வேண்டும் என்றார். மத்தியானம் வரை முயன்றும் அது நிற்கவில்லை. பக்கத்து வளவில் இருந்து மதில் கட்டும் ஒரு கிழவனாரைக் கூப்பிட்டோம். அவர் கல்லைக் கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பார், அது நிற்கும். எட்டாயிரம் கல் என்று பெருமையாகச் சொன்னோம். 'நான் கல்லை எண்ணிறேல்லைத் தம்பி, வண்டிலைத்தான் எண்ணுவன். இது நாப்பது வண்டில்' என்றார். அடுத்த கணக்கு அங்கேயே பிறந்தது: ஒரு வண்டிலுக்கு எத்தனை கல்?

ஆசிரியராகிப் பல வருடம் கழித்து, ஒரு விழா மலருக்குப் பழைய செய்தி பொறுக்கவென்று அந்தக் காலத்து லொக் புத்தகத்தைப் பார்க்கக் கிடைத்தது. அந்த நாளைத் தேடினேன். ஒரே வரி: 'படகு இல்லை. பாடங்கள் நடைபெறவில்லை.'

அதை எழுதியவர் பொய் எழுதவில்லை. நேரசூசியில் இருந்த பாடம் ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சரிவகத்தின் பரப்பளவு எனக்குத் தெரியவந்தது அந்த வரி எழுதப்பட்ட நாளில். அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் நான் அதை மறக்கவில்லை.

நாலு வகுப்பை ஒன்றாக வைத்துப் படிப்பிப்பதற்கு இப்போது பல்தரக் கற்பித்தல் என்று பேர் வைத்துப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி என்று ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி இருக்கிறது. அதன் கிராமியக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகள் செய்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டையில் இருந்து அட்டைக்கு ஏறிப்போகும். தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் அதை எடுத்தன. 2007க்குப் பிறகு 'செயல்வழிக் கற்றல்' என்ற பேரில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியர் இல்லாத குறையைச் சமாளிக்க மலையடிவாரத்தில் கண்டுபிடித்ததை, ஆசிரியர் இருந்த பட்டணத்துப் பள்ளிகள் கடன் வாங்கின. எங்கள் வாத்தியாருக்கு அட்டையும் இல்லை, பேரும் இல்லை. மதில் இருந்தது.

மாற்றுப் பள்ளி என்ற சொல்லைக் கேட்டால் சிலருக்கு வெள்ளைக்காரர், பணக்காரர், மரத்தடி, கித்தார் என்று ஒரு படம் வருகிறது. எங்கள் மண்ணில் அதன் சரித்திரம் வேறு. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது திண்ணைப் பள்ளிக்கு அது மாற்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது மிஷன் பள்ளிக்கு அது மாற்று. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தொடங்கி ஊரூராகப் பள்ளிக்கூடம் வைத்தது. அவையெல்லாம் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஒவ்வொரு தலைமுறையின் மாற்றும் அடுத்த தலைமுறையின் வழக்கமாகிவிட்டது. 1961க்குப் பிறகு மாற்று என்று ஒன்று முளைப்பதற்கான இடமே இங்கே சுருங்கிப்போனது. இலவசக் கல்வி எல்லோருக்கும் என்ற பெரிய நன்மையோடு சேர்ந்து வந்த இழப்பு அது. நன்மையைச் சொல்லும்போது இழப்பையும் சொன்னால் நன்றிகெட்டவன் என்பார்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அது இல்லாவிட்டால் மீன்பிடிகாரரின் மகனான நான் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கமாட்டேன். அவருடைய திட்டத்தில் மத்திய கல்லூரிகள் ஒரு பகுதி, அவற்றுக்குக் கெட்டித்தனமான கிராமத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் புலமைப்பரிசில் இன்னொரு பகுதி. தீவுப்பகுதிக்கு வேலணையில் மத்திய கல்லூரி வந்தது. நல்ல ஏணி. ஆனால் ஏணி ஒரு பக்கமாகத்தான் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை ஏறிப் போகும். போன பிள்ளை விட்டுப்போன வகுப்புக்கு என்ன நடக்கும் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் நான் வாசித்ததில்லை. விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தை வகை 1ஏபி என்கிறார்கள், கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளதை வகை 1சி என்கிறார்கள். 1ஏபி இல்லாத தீவில் பிறந்த பிள்ளை டொக்டராக வேண்டுமென்றால் பதினாறு வயதில் கடல் கடக்கவேண்டும்.

ஒரு தாய் என்னிடம் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. 'சேர், பெடியனை யாழ்ப்பாணத்திலை சேர்ப்பமெண்டு இருக்கிறம். தங்கச்சி வீட்டிலை நிண்டு படிக்கட்டும்.' ஏன் அம்மா, இங்கே என்ன குறை என்றேன். 'இஞ்சை குறை ஒண்டுமில்லை சேர். அங்கை ரியூசன் இருக்கு.' மகன் போனான். அடுத்த வருடம் அவனைத் தனியே விட மனமில்லாமல் மகளோடு தாயும் போனாள். அதற்கடுத்த வருடம் தகப்பன் படகை விற்றார். பள்ளிக்கூடத்து இடாப்பில் குறைந்தது இரண்டு பேர், ஊரில் குறைந்தது ஒரு வீடு. இடாப்பு மெலிந்தால் ஆசிரியர் ஆளணியும் மெலியும், ஆசிரியர் குறைந்தால் இன்னொரு தாய் தங்கச்சி வீட்டை நினைப்பாள்.

நாடு முழுவதும் இது நடக்கிறது. 10,000க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றில் 50 பிள்ளைகள்கூட இல்லை. மூடுவதா, பக்கத்துப் பள்ளியோடு இணைப்பதா என்ற பேச்சு அரசாங்கம் மாறினாலும் மாறுவதில்லை. தரைப்பகுதியில் இணைப்பது என்றால் பிள்ளை இன்னும் இரண்டு கிலோமீற்றர் சைக்கிள் மிதிக்கும். இங்கே எதோடு இணைப்பது? கடலோடா?

கடல் என்றால் குமுதினிப் படகைச் சொல்லாமல் போக முடியாது. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் குறிகட்டுவானுக்குப் போனவர்களை நடுக்கடலில் மறித்து, கைக்குழந்தையையும் விடாமல் வெட்டிக் கொன்றார்கள். அதே படகு திருத்தப்பட்டுப் பிறகும் பல வருடம் ஓடியது. ஆசிரியர்மாரும் அதிலேதான் வந்தார்கள். 'தினமும் போய்வரலாம்தானே' என்று மேசையில் இருந்து எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு படகின் கதை போதும் என்று நினைக்கிறேன். இதற்குமேல் இதைப்பற்றி இன்று பேசவில்லை.

இனி எழுபதுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் அந்தச் சோதனையின் எலி. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு, படித்த இளைஞருக்கு வேலை இல்லை, படிப்புக்கும் ஊர்த்தொழிலுக்கும் தொடர்பில்லை என்று கண்டு 1972இல் கல்வியைத் தலைகீழாக மாற்றினார்கள். பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். தொழில் முன்னிலைப் பாடம் ஒன்று, இரண்டு என்று கட்டாயமாக வந்தது. சாதாரண தரம் போய், ஒன்பதாம் வகுப்பு முடிவில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்று புதுப் பரீட்சை வந்தது. 1975இல் முதல் தொகுதி எழுதியது. ஊருக்கு ஊர் தொழில் வேறு, ஆகவே பாடத்தையும் ஊரே தெரியட்டும் என்பது யோசனை. இலங்கையில் அரசாங்கமே நாடு முழுவதையும் மாற்றுப் பள்ளியாக்கப் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அது என்பேன். 1977இல் அரசாங்கம் மாறியது, பழைய பரீட்சைகளே திரும்பி வந்தன.

ஏன் தோற்றது? கருவி இல்லை, பயிற்றிய ஆசிரியர் இல்லை, பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலால் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் புள்ளியைத் தவிர வேறெதையும் நினைக்கிற நிலையில் இல்லை. இவை புத்தகங்களில் இருக்கிற காரணங்கள், சரியானவையும்கூட. எங்கள் வீட்டுக் காரணம் வேறு. வலை பொத்துவது பற்றிக் கொப்பியில் எழுதியதை அப்புவுக்குக் காட்டினேன். வாசித்துவிட்டு, 'இதைப் பழக உனக்குப் பள்ளிக்கூடமோ?' என்று சிரித்தார். அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. எனக்கு வீட்டில் தெரிந்ததையே பள்ளிக்கூடம் திரும்பச் சொன்னது, அதுவும் வீட்டைவிட மோசமாக. மதிலடி வாத்தியார் செய்தது அப்படியல்ல. ஊரில் இருந்த மதிலை எடுத்து, ஊருக்குத் தெரியாத சரிவகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு சரிவகத்தால் முடியாததற்குக் கிழவனாரிடம் கொண்டுவந்தார். உள்ளூர்க் கல்வி என்று பேசுகிறவர்கள் பலர் இந்தப் போக்குவரத்தில் பாதியைத்தான் பேசுகிறார்கள்.

இந்தப் போக்குவரத்தை ஒரு கொள்கையாக எழுதி நடத்திக் காட்டிய ஒரு தீவுப் பள்ளியைப் பற்றிச் சொல்லவேண்டும். யப்பானில் ஷிமானே மாகாணத்துக்கு அப்பால் ஒக்கி தீவுகள். பெருநிலத்தில் இருந்து கப்பலில் சுமார் மூன்று மணித்தியாலம். அவற்றில் தோசென் என்ற மூன்று தீவுக் கூட்டத்துக்கு ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி, அமா என்ற ஊரில். 2008ஐ ஒட்டி அங்கே படித்தவர்கள் 90 பேரளவில்தான். இன்னும் குறைந்தால் மூடவேண்டும் என்பது மாகாண விதி. அமா ஊராட்சி ஏற்கெனவே கடனில் முழுகியிருந்தது, தலைவர் தன் சம்பளத்தையே வெட்டியிருந்தார். அவர்கள் போட்ட கணக்கு நான் முன்னே சொன்ன தாயின் கதைதான்: பள்ளி மூடினால் பிள்ளை பதினைந்து வயதில் கப்பலேறும், செலவு தாங்காமல் குடும்பம் பின்னால் போகும், பிறகு கடையும் வைத்தியசாலையும் போகும். ஆகவே பள்ளியைக் காப்பாற்றுவது கல்வித் திணைக்களத்தின் வேலை என்று விடாமல் ஊராட்சியே இறங்கியது.

மூன்று காரியம் செய்தார்கள். பிள்ளைகள் வெளியே போகிறார்களே என்று அழுவதை விட்டு, வெளியில் இருந்து பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்தார்கள். 2010இல் இருந்து தோக்கியோவிலிருந்தும் ஒசாக்காவிலிருந்தும் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். இதற்கு அவர்கள் சொன்ன காரணம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. தீவுப் பிள்ளைகள் பாலர் வகுப்பில் இருந்து அதே முகங்களோடு படிக்கிறார்கள். யார் கெட்டிக்காரன், யார் மொக்கன் என்பது ஐந்து வயதில் தீர்ந்துவிடுகிறது, பிறகு ஒருவரும் மாறுவதில்லை. புது முகம் வந்தால்தான் பழைய பட்டங்கள் கழலும். இரண்டாவதாக, ரியூசனுக்காகக் கப்பலேறத் தேவையில்லாமல் ஊராட்சியே ஒரு கற்றல் நிலையம் நடத்தியது. மூன்றாவதாக, தீவின் உண்மையான பிரச்சினைகளை எடுத்து ஆராய்வதைப் பாடமாக்கினார்கள். பத்து வருடத்துக்குள் மாணவர் தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அந்த ஊர் தனக்கென்று ஒரு வாசகம் வைத்திருக்கிறது. தமிழில் சொன்னால் 'இல்லாதது இல்லை.' இல்லாதது இல்லைதான், அதற்கு என்ன செய்வது என்று ஒரு பொருள். இங்கே இல்லாதது என்று ஒன்றுமே இல்லை என்று இன்னொரு பொருள். யப்பானிய மொழியிலும் அந்த இரட்டைப் பொருள் அப்படியே இருக்கிறதாம். தமிழில் இவ்வளவு பொருத்தமாக வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

யப்பானிடம் காசு இருக்கிறது என்பீர்கள், சரி. எங்களிடம் திட்டமாவது இருக்கிறதா என்று பார்ப்போம். 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி, சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளை உயர்தர வகுப்பில் தொடரலாம் என்கிறது. 26 தொழிற்பாடங்கள், முடிவில் தேசிய தொழில் தகைமை மட்டம் நாலு. அந்தப் பாடங்களில் நீரியல் வளம் இருக்கிறது, கால்நடை உற்பத்தி இருக்கிறது, உணவு பதனிடல் இருக்கிறது, சுற்றுலாவும் விருந்தோம்பலும் இருக்கிறது. நெடுந்தீவைப் பார்த்துக்கொண்டு எழுதியதுபோல் இல்லையா? சுற்றிவரக் கடல், வெளியெல்லாம் மாடும் ஆடும், பனை, குதிரையையும் பெருக்குமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்க்க வருகிற படகு நிறைந்த சனம். வருகிறவர்களுக்கு முச்சக்கரவண்டியில் ஊர் காட்டுகிற பெடியனுக்கு அந்தக் குதிரைகள் எப்படி இங்கே வந்தன என்று சொல்லத் தெரியாது. அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பு சிரித்த சிரிப்பையும் மறக்காதீர்கள். ஊர் காட்டத் தெரிந்தவனுக்கு ஊர் காட்டப் படிப்பிக்கக்கூடாது. கணக்கு வைக்கவும், இங்கிலிசிலும் சிங்களத்திலும் கதைக்கவும், முருகைக்கல் எப்படி உண்டாகிறது, ஏன் அதை இனி வெட்டக்கூடாது என்று விளங்கப்படுத்தவும் படிப்பிக்கவேண்டும்.

கொள்கையை யார் எழுதுவது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். இங்கிலாந்தில் சம்மர்ஹில் என்று ஒரு பள்ளி, ஏ.எஸ். நீல் 1921இல் தொடங்கியது. அங்கே விதிகளைக் கூட்டம் கூடி வாக்கெடுத்துத்தான் போடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, அதிபருக்கும் ஒரு வாக்கு. 1999இல் அரசாங்கப் பரிசோதகர்கள் வந்து, பாடத்துக்கு வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம் என்றால் எப்படி என்று மூடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். வழக்கு 2000இல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமரசம் பேசப்பட்டபோது, அதை ஏற்பதா இல்லையா என்று பிள்ளைகள் அந்த நீதிமன்ற மண்டபத்திலேயே கூட்டம் போட்டு வாக்கெடுத்தார்கள். பாடத்துக்கு வராமல் இருக்கலாம் என்ற அவர்களுடைய விதி எனக்கு ஒத்துவரவில்லை. வருவதற்கு ஆசிரியர் இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு அது கொஞ்சம் கொழுப்பாகத்தான் படுகிறது. அந்தக் கூட்டம் பிடித்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடங்களிலும் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. சபாநாயகர் இருக்கிறார், அமைச்சர்மார் இருக்கிறார்கள், படமும் எடுக்கிறார்கள். திங்கள் முதலாம் பாடவேளையில் என்ன செய்வது என்று அந்தப் பாராளுமன்றம் எப்போதாவது விவாதித்திருக்கிறதா? நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடத்தில் இந்த விவாதத்தில் எல்லோரும் பேசலாம். மூவாயிரம் பேர் படிக்கிற பட்டணத்துக் கல்லூரியில் நடக்காது.

ஆகவே அதிபர்மாரிடம் கேட்கிறேன். திங்கள் முதல் மூன்றையும் வெள்ளி கடைசி மூன்றையும் ஊரோடு இருப்பவர்களுக்குக் கொடுங்கள். ஊரில் இருக்கிற ஆசிரியர், தொண்டர் ஆசிரியர், மதில் கட்டுகிறவர், படகோட்டி, ஆஸ்பத்திரித் தாதி. மூத்த வகுப்பு இளைய வகுப்புக்குப் படிப்பிக்கட்டும். வெளியூர் ஆசிரியரின் பாடங்களை இடையில் நெருக்கி வையுங்கள். இதற்கு வலயத்தின் சம்மதம் வேண்டியிருக்கும். கடிதம் எழுதுங்கள், பதில் வரச் சுணங்கும், படகில் அல்லவா வரவேண்டும்.

சம்மதம் தேவைப்படாத காரியமும் ஒன்று இருக்கிறது. அடுத்த சோளகத்தில் கடல் கொந்தளிக்கிற நாளில் லொக் புத்தகத்தைத் திறந்து 'படகு இல்லை' என்று எழுதுவீர்கள். எழுதியதும் மூடிவிடாமல், அன்றைக்குப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எழுதுவியுங்கள். அதைத் தடுக்கிற சுற்றுநிருபம் எதுவும் கோவையில் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.